காய்ச்சலை அளக்கச் சொன்ன ஆசான்

மொண்டிசோரி முறையிற் பயிற்சி பெற்ற ஆசிரியைமார், பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ள எண்களைச் சிறுபிள்ளைகளுக்கு உணர்த்தும்பொழுது, இலக்கம் பொறித்த மரப்பலகைகள் சிலவற்றைப் பாய்மீது பரப்பி வைப்பர். அவற்றுக்குச் செகுவின் பலகைகள் என்று பெயர். அப்பெயரை நாள்தோறும் உச்சரிப்போர் பலர்; அப்பெயருக்குரியவர் யார் என வினவுவோர் சிலரே. அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசான் என்பதை அறிந்தவர்களிலும், நோயுற்ற பிள்ளையின் உடல்வெப்பத்தைத் தாய் வீட்டிலேயே அளந்து குறித்து வைக்கவேண்டும் என்று தாய்மாருக்கெனவே ஒரு நூல் எழுதியவரும் அவரே என்பதை அறிந்தவர் மிகச் சிலர். பலகையும் வெப்பமானியும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றும். ஆயினும் அவை இரண்டும் ஒரே உள்ளத்திற் பிறந்தவை என்று நான் கருதுகின்றேன். அவ்வுள்ளத்தை உடையவரின் வரலாற்றை ஈண்டு சுருங்கக் கூற முயல்கின்றேன்.

எடுவாட் செகுவின் 1812ஆம் ஆண்டு சனவரி மாதம் 20ஆம் நாள் பிரான்சு தேசத்தில் கிளமெசி என்னும் சிற்றூரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிக் கல்வியை ஓசேர் நகரிலும் பாரிசு மாநகரிலும் பெற்றார். அவருடைய இளமைக்காலம் பிரான்சிற் புதிய சமுதாயக் கனவுகள் மலர்ந்த காலமாகும். எளியோரிலும் எளியோரின் நிலையை உயர்த்துவதே அறிவின் கடமை என்று போதித்த சான் சிமோனின் கொள்கை அவரைப் பற்றிக்கொண்டது. மனிதருள் எளியோர் யாவர் என அவர் தேடிச் சென்றவிடத்து, ஏழையர்க்கும் கீழாக வைத்தெண்ணப்பட்ட ஒரு கூட்டத்தைக் கண்டார். உளவளர்ச்சி குன்றிப் பிறந்த பிள்ளைகளே அவர்கள். பேச அறியாதவர், நடக்கத் தடுமாறுபவர், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராதவர் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். இவர்களுக்குக் கல்வி இல்லை என்பதே அக்கால மருத்துவ உலகின் பொதுத் தீர்ப்பாக இருந்தது.

அத்தீர்ப்பை ஒருவர் முன்னரே மீறி முயன்றிருந்தார். அவர் இத்தார் என்னும் மருத்துவர். 1800ஆம் ஆண்டளவில் பிரான்சின் அவெரோன் காட்டுப்பகுதியிற் பிடிபட்ட ஒரு சிறுவனை, உளநோய் மருத்துவத்திற் புகழ்பெற்ற பினெல், திருத்த முடியாதவன் என்று கூறிவிட்டார். இளம் மருத்துவரான இத்தாரோ அவனுக்கு விக்ரர் எனப் பெயரிட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தம்மோடு வைத்துப் பயிற்றினார். விக்ரர் சரளமாகப் பேசக் கற்கவில்லை. ஆயினும் பொருள்களை அறியவும், எழுத்துக்கள் சிலவற்றை இனங்காணவும், அன்புகாட்டவும் கற்றான். உலகம் அதனைத் தோல்வி என்றது. முதுமையும் நோயும் வந்துற்ற காலத்தில், அப்பணியின் பயனைத் தம்மிடம் வந்த இளைஞர் ஒருவரின் கையில் இத்தார் ஒப்படைத்தார். அவ்விளைஞரே செகுவின்.

1837ஆம் ஆண்டில் ஒரு சிறுவனைப் பயிற்றும் பொறுப்பைச் செகுவின் ஏற்றார். மறு ஆண்டில் இத்தார் காலமானார். பின்னர் எஸ்கிரோல் என்னும் பெரும் மருத்துவரின் வழிகாட்டலிற் பணி தொடர்ந்தது. பதினான்கு மாதங்களிற் செய்தவற்றைச் செகுவினும் எஸ்கிரோலும் ஒரு சிறு வெளியீடாக உலகுக்கு அறிவித்தனர். அப்பிள்ளை முழு அறிவாளியாகிவிட்டான் என்று அவர்கள் கூறவில்லை. தொடங்கிய இடம் எது, வந்து சேர்ந்த இடம் எது என்று கணக்குக் கொடுத்தனர். கணக்குக் கொடுக்கும் இவ்வழக்கம் செகுவினின் வாழ்நாள் முழுவதும் உடன்வந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

அவருடைய கற்பித்தல் முறை எளிமையானது. ஆயின் அதற்கு வேண்டிய பொறுமை பெரிது. மூளைக்குட் செல்லும் வாயில் உடலே என்று அவர் கொண்டார். ஆதலால் முதலிலே தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏணியைப் பற்றி ஏறுதல், நேராக நிற்றல், பொருளை இறுகப் பிடித்தல் ஆகியன முதற் பாடங்கள். அதன் பின்னரே தொடுகை, பார்வை, கேள்வி முதலிய புலன்களுக்குப் பயிற்சி. நிறுத்தி வரையும் கோடும் கிடையாக வரையும் கோடும் கைக்குப் பழகிய பின்னரே எழுத்து வரும். எழுதிய கை தான் எழுதியதை வாசிக்கக் கண்ணை அழைக்கும். இவ்வாறு படிப்படியாக ஏறும்பொழுது, ஒவ்வொரு பிள்ளையும் இன்று எப்படியில் நிற்கின்றது என்பதை ஆசிரியர் உற்று நோக்கி அறிதல் வேண்டும். ஏனைய பிள்ளைகள் நிற்குமிடத்தை அளவாகக் கொண்டு இப்பிள்ளையை நோக்கினால் எங்கும் குறையே தெரியும். இப்பிள்ளையின் நேற்றைய நிலையை அளவாகக் கொண்டால் வளர்ச்சி தெரியும்.

1842ஆம் ஆண்டிற் பாரிசு நகருக்கு வெளியேயுள்ள பிசெத்திர் விடுதியிற் பிள்ளைகளைப் பயிற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார் அமைத்த குழுவொன்று அவருடைய முறையை ஆராய்ந்து பாராட்டியது. ஆயினும் விடுதியை நடத்தியோருடன் ஏற்பட்ட பிணக்கினால் 1843ஆம் ஆண்டின் முடிவில் அவர் அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. மனந்தளராமல் தம் சொந்தப் பள்ளியில் உழைத்து, 1846ஆம் ஆண்டில் தம் முறை முழுவதையும் விளக்கும் பெருநூலொன்றை வெளியிட்டார். 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நாட்டின் அரசியல் காற்று மாறியது. குடியரசுக் கொள்கையினரான செகுவின், 1850ஆம் ஆண்டளவில் மனைவியோடும் மகனோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

புதிய நாட்டில் அவர் பட்ட சிரமம் சிறிதன்று. மொழி வேறு, மக்கள் வேறு. ஒகையோ மாநிலத்திற் சில காலம் வாழ்ந்தார். பொஸ்ரன் நகரில் ஹவ் என்பாரும், நியூ யோர்க் மாநிலத்தில் வில்பர் என்பாரும் உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய பள்ளிகள் அவருடைய முறையைத் தழுவி எழுந்தவையாதலின், அவற்றுக்கு ஆலோசகராய் உதவினார். மருத்துவப் பட்டம் பெற்றதோ 1861ஆம் ஆண்டில், நாற்பத்தொன்பதாம் வயதில். தம் மாணாக்கராகத் தக்க இளைஞரோடு ஒன்றாக அமர்ந்து பட்டம் பெற்ற அம்முதிய மாணாக்கரை எண்ணும்பொழுதெல்லாம் என் உள்ளத்தில் மதிப்பு மேலிடுகின்றது. 1866ஆம் ஆண்டில் தம் கல்விமுறையை ஆங்கிலத்திலும் நூலாக்கினார்.

அக்காலத்திலேதான் மருத்துவ உலகில் ஒரு சிறு கருவி பெருமாற்றத்தைத் தோற்றுவித்துக் கொண்டிருந்தது. வெப்பமானி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட பொருளே. ஆயினும் நோயாளியின் படுக்கையருகே அது செல்வது அரிதாக இருந்தது. ஜெர்மனியில் லைப்சிக் நகர மருத்துவமனையிற் பணிபுரிந்த வுண்டர்லிக் என்னும் பேராசிரியர், ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல்வெப்பத்தை மீண்டும் மீண்டும் அளந்து, அவ்வளவுகளின் பயனை 1868ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நலமுள்ள உடலின் வெப்பம் 37 பாகை செல்சியஸ், அதாவது 98.6 பாகை பரனைற்று, என்னும் இடத்தைச் சூழ்ந்து நிற்கின்றது என்பதும், காலையிற் சற்றுக் குறைந்து மாலையிற் சற்று ஏறுகின்றது என்பதும், நோய்கள் பலவற்றின் வெப்பம் ஏறியிறங்கும் போக்கிலே தனித்தனி ஒழுங்கு உண்டு என்பதும் அவர் நூலால் நிலைபெற்றன. காய்ச்சலே நோயன்று, அது நோயின் அடையாளம் என்னும் உண்மையும் அவரால் வலியுறுத்தப்பட்டது.

ஆயின் அக்காலத்து வெப்பமானி நீண்டது. கமக்கட்டில் வைத்து இருபது நிமிடமளவும் காத்திருக்க வேண்டியது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரைச் சேர்ந்த அல்பற் என்னும் மருத்துவர் 1867ஆம் ஆண்டளவில் ஆறங்குல நீளமுள்ள குறு வெப்பமானியை ஆக்குவித்தார். ஐந்து நிமிடத்தில் அளவு காட்டிய அக்கருவி சட்டைப்பையில் அடங்கியது. பையில் அடங்கிய கருவி மருத்துவமனையின் வாயிலைக் கடந்து வீட்டுக்குட் புகுவதற்கு இனி ஒருவரின் துணிவே வேண்டியிருந்தது. அத்துணிவு செகுவினுக்கு இருந்தது.

1871ஆம் ஆண்டில் வுண்டர்லிக்கின் ஆராய்ச்சியைச் சுருக்கி, தம் ஆராய்ச்சியையும் சேர்த்து, மருத்துவர்க்கென ஆங்கில நூலொன்றை நியூ யோர்க் நகரில் வெளியிட்டார். அதனோடு அவர் அமையவில்லை. 1873ஆம் ஆண்டிற் குடும்ப வெப்பமானிக் கலை பற்றி ஒரு கைநூல் எழுதினார். அந்நூலைத் தாய்மாருக்கும், தாதியருக்கும், மருத்துவமனைப் பணியாளருக்கும், நோயாளரையும் இளையோரையும் பேணும் பொறுப்புடைய யாவருக்கும் என்றே உரிமையாக்கினார். இளையோரைப் பேணுவோர் என்ற வட்டத்துள் ஆசிரியரும் அடங்குவர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தாய் எதற்காக அளக்க வேண்டும்? அவளுக்குக் கையில்லையா? இக்கேள்வி என் உள்ளத்திலும் எழுந்ததுண்டு. எங்கள் வீட்டில் யாருக்கேனும் உடம்பு சுடுகின்றது என்றால், அம்மம்மா புறங்கையை முதலில் நெற்றியிலும் பின்னர் கழுத்தோரத்திலும் வைத்துப் பார்ப்பார். சில நொடி கண்களை மூடிக்கொள்வார். அதன்பின் கொத்தமல்லி அவிப்பதா, பரிகாரியாரை அழைப்பதா என்பதை அவரே முடிவு செய்வார். அவருடைய கை தவறும் என்று அன்று யார் சொன்னாலும் நாங்கள் நம்பியிருக்கமாட்டோம். அக்கையின் தொடுகையே நோயிற் பாதியைத் தீர்த்தது என்று இன்றும் சொல்வேன்.

ஆயினும் கை எவ்வாறு வெப்பத்தை அறிகின்றது என்பதை ஆராய்ந்தால் உண்மை புலப்படும். கை வெப்பத்தின் அளவை அறிவதில்லை. தனக்கும் தான் தொட்ட பொருளுக்கும் உள்ள வேறுபாட்டையே அறிகின்றது. கிணற்றடியிற் பாத்திரம் கழுவிவிட்டு வந்த தாயின் குளிர்ந்த கைக்கு, நலமுள்ள பிள்ளையின் நெற்றியும் சுடும். அடுப்படியில் நின்று வந்த கைக்குச் சுடுகின்ற நெற்றியும் சாதாரணமாகத் தோன்றும். இன்னும் ஒன்று உண்டு. காய்ச்சல் விரைந்து ஏறும் வேளையில் உடல் தன் வெப்பத்தை வெளியே விடாமற் காத்துக்கொள்கின்றது. தோலின் நுண்ணிய குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. கைகால்கள் குளிர்கின்றன, பிள்ளை நடுங்குகின்றது. தொட்டுப் பார்த்த தாய் பிள்ளை குளிர்ந்துவிட்டது என்று எண்ணிப் போர்வை தேடுகின்றாள். அதே வேளையில் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கின்றது. கையின் தீர்ப்பு மிகவும் வேண்டப்படும் வேளையிலேதான் கை நம்மை மிகவும் ஏமாற்றுகின்றது.

வெப்பமானி இவ்விடத்தில் உதவுகின்றது. அது தாயின் அன்புக்கு மாற்றாக வருவதன்று. அவ்வன்புக்கு ஒரு கண்ணைக் கூட்டித் தருவது. மருத்துவர் நாளொன்றுக்கு ஒருமுறை வந்து போவார். தாயோ இரவும் பகலும் அருகிருப்பவள். காலையில் எத்தனை, மாலையில் எத்தனை, நள்ளிரவில் எத்தனை என்று அவள் குறித்து வைத்த தாள் மருத்துவருக்கு வேறு எவ்வகையிலும் கிட்டாத சான்றாகும். செங்காய்ச்சலும் தொண்டைக்கரப்பனும் ஒரே வீட்டிற் பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோன காலம் அது. நோயை முதல் நாளிலேயே ஐயுறுவதும் மூன்றாம் நாள் ஐயுறுவதும் ஒன்றல்ல. கற்ற மருத்துவரின் கருவியைத் தாயின் கையிற் கொடுக்கத் துணிந்தவர், கற்க முடியாதவன் எனப்பட்ட பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுத்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

அவருடைய வெப்பமானியில் நான் பெரிதும் வியக்கும் சிறப்பொன்று உண்டு. வழக்கமான அளவுகோல்களிற் பூச்சியம் என்பது உறைபனியின் குளிரையோ, அதனிலும் தாழ்ந்த ஒரு குளிரையோ குறிக்கும். நலமுள்ள உடலின் இடம் 37 என்றோ 98.6 என்றோ ஒரு நினைவுக்கு இசையாத எண்ணாக நிற்கும். செகுவின் தாம் அமைத்த வெப்பமானியிற் பூச்சியத்தை எடுத்து நலமுள்ள உடலின் வெப்பநிலையில் வைத்தார். அதற்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று; அதற்குக் கீழேயும் அவ்வாறே. கல்வியறிவு குறைந்த தாயும் எண்ணை வாசித்த அளவிலேயே, பிள்ளை நலத்தினின்று எத்துணைத் தொலைவு விலகியுள்ளது என்பதை அறியலாம். பனிக்கட்டிக்கும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு தாய்க்கு வேண்டாத செய்தி. தன் பிள்ளையின் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடே அவளுக்கு வேண்டியது.

இவ்விடத்தில் ஆசிரியரான செகுவினையும் மருத்துவரான செகுவினையும் ஒருவராகவே காண்கின்றேன். பள்ளியிலே பிள்ளையின் வளர்ச்சியை அப்பிள்ளை நின்ற இடத்திலிருந்தே எண்ணத் தொடங்கினார். நோய்ப் படுக்கையிலும் எண்ணிக்கையைப் பிள்ளையின் நலத்திலிருந்தே தொடங்கினார். இரண்டிடத்தும் அளவுகோலைப் பிள்ளைக்காக நகர்த்தினாரேயன்றி, அளவுகோலுக்காகப் பிள்ளையை நகர்த்தவில்லை.

அவருடைய பூச்சிய வெப்பமானி நிலைக்கவில்லை. பழைய எண்களே உலகில் வழங்கலாயின. ஆயின் வீட்டில் வெப்பம் அளக்கும் வழக்கம் நிலைத்தது. இன்றைய அறிவு அவர் அறியாத சிலவற்றைச் சேர்த்திருக்கின்றது. 37 பாகை என்பது யாவர்க்கும் பொதுவான ஒரே புள்ளியன்று. ஆளுக்காளும் நேரத்துக்கு நேரமும் மாறும் ஓர் எல்லைக்குள் உடல்வெப்பம் உலாவுகின்றது. கமக்கட்டில் எடுத்த அளவு உள்ளுடலின் அளவைவிடச் சற்றுக் குறைந்தே நிற்கும். மூன்று மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் கண்டால், வேறு குறி இல்லையாயினும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பர். இரசம் நஞ்சாதலின், 2013ஆம் ஆண்டின் மினமாற்றா உடன்படிக்கைக்குப் பின் இரச வெப்பமானி பல நாடுகளில் விடைபெற்று வருகின்றது. மின்கலத்தால் இயங்கும் வெப்பமானி அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

எண்ணை மட்டும் நம்பி இருப்பதும் தவறு. அளவு சிறிதாயினும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், பாலோ நீரோ ஏற்காவிட்டால், மூச்சுத் திணறினால், அந்த எண்ணைவிடப் பிள்ளையின் முகமே பெரிய சான்று. வெப்பமானியைத் தாயிடம் கொடுத்தால் அவள் மணிக்கொரு தரம் அளந்து அஞ்சுவாள் என்று சிலர் கூறுவதுண்டு. அறியாத அச்சம் அறிந்த அச்சத்திலும் கொடிது என்பதே என் விடை. எவ்வேளை அளப்பது, எங்கே குறிப்பது, எப்பொழுது மருத்துவரை நாடுவது என்று கற்றுக்கொண்ட தாய்க்கு அச்சத்தின் இடத்திற் கடமை வந்து அமர்கின்றது.

நம் நாட்டு நிலையையும் இதனோடு வைத்து எண்ணலாம். மலேரியா அற்ற நாடென 2016ஆம் ஆண்டில் இலங்கை சான்று பெற்றது. ஆயினும் டெங்குக் காய்ச்சல் நம் பிள்ளைகளை விட்டபாடில்லை. இந்நோயின் வஞ்சகம் யாதெனில், வெப்பம் இறங்கும் வேளையிலேயே ஆபத்து நெருங்கக்கூடும் என்பதாகும். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்குப் பின் உடல் ஆறுகின்றது, வீட்டார் மகிழ்கின்றனர். சில பிள்ளைகளில் அப்பொழுதே குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகின்றது. காய்ச்சல் எந்த நாள், எந்த வேளை தொடங்கியது, எப்பொழுது இறங்கியது என்று ஒரு பழைய அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்திற் குறித்திருக்கும் தாய், மருத்துவருக்குப் பாதிப் பணியை முடித்துக் கொடுக்கின்றாள். செகுவின் எழுதிய கைநூலின் நோக்கம் இதுவே.

1873ஆம் ஆண்டில் வியன்னா நகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சிக்கு அமெரிக்காவின் கல்வித்துறைப் பிரதிநிதியாகச் சென்று, ஐரோப்பியக் கல்விநிலை பற்றி விரிவான அறிக்கை எழுதினார். மருத்துவக் கருவிகளும் குறிப்பேடுகளும் நாடெங்கும் ஒரே அளவில் அமையவேண்டும் என்று இடையறாது வாதாடினார். 1876ஆம் ஆண்டில், உளவளர்ச்சி குன்றியோர்க்கான நிலையங்களின் மருத்துவர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தபொழுது, அதன் முதல் தலைவராக அவரையே தெரிந்தனர். தந்தையின் வழியில் மகனும் மருத்துவராகி நரம்பு நோய் ஆராய்ச்சியிற் புகழ்பெற்றார். 1880ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 28ஆம் நாள் நியூ யோர்க் நகரிற் செகுவின் உயிர்நீத்தார்.

அவருடைய நூல்கள் மெல்ல மறைந்திருக்கும். இத்தாலி நாட்டு இளம் மருத்துவரான மரியா மொண்டிசோரி அவற்றைத் தேடி எடுத்தார். இத்தாரின் எழுத்தையும் செகுவினின் எழுத்தையும் தம் கைப்படவே இத்தாலிய மொழியிற் பெயர்த்தெழுதிக் கற்றார். உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென ஆக்கப்பட்ட முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றதே எனக் கண்டு, 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியின் ஏழைமக்கள் வாழ்ந்த பகுதியொன்றிற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939ஆம் ஆண்டில் அவ்வம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1944ஆம் ஆண்டில் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி நடத்தினார். பிரான்சின் ஒரு விடுதியிற் கைவிடப்பட்ட பிள்ளைகளிடையே தோன்றிய கல்விமுறை இவ்வாறு கடல்கள் கடந்து நம் வாயிலுக்கும் வந்து சேர்ந்தது.

செகுவின் பலகையை எடுத்துவைக்கும் ஆசிரியை, ஒரு பிள்ளை கண் சிவந்து வாடி மேசையிற் தலைசாய்த்திருக்கக் கண்டால், அப்பலகையை ஒருபுறம் வைத்துவிட்டு வெப்பமானியை எடுத்தல் வேண்டும். கண்ட அளவையும் மணியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அழைத்துச் செல்ல வருவோரிடம் கொடுத்தல் வேண்டும். அத்தாள் தாயின் குறிப்புக்கு முதல் வரியாக அமையும். அவருடைய நூல்களைப் படித்தவர் செய்யத்தக்க மரியாதையும் அதுவேயாகும்.